ஒரு புறா மட்டும் வந்தது

கல்யாணத்தில் வெள்ளைப் புறா பறக்கவிடுவதைப் பற்றி எனக்கு முதன்முதலில் தெரியவந்த விஷயம், அதன் எச்சம் மேசை விரிப்பில் பட்டால் வெறும் சவர்க்காரத்துக்குப் போகாது என்பதுதான். தொண்ணூறுகளின் கடைசியில், கித்துல்கலையில் ஆற்றோரம் இருந்த ஒரு ஹோட்டலில் துணி துவைக்கும் பகுதியில் வேலை செய்தேன். வெள்ளைக்காரர்கள் ரப்பர் படகில் ஆற்றில் இறங்கிக் கூச்சல் போடுவதற்கும், கொழும்புப் பணக்காரர்கள் கல்யாணம் செய்வதற்கும் அந்த இடத்தைத் தேடி வருவார்கள். படகில் வந்தவர்கள் சேற்றை விட்டுப் போவார்கள். கல்யாணத்துக்கு வந்தவர்கள் புறா எச்சத்தை விட்டுப் போவார்கள். இரண்டும் கடைசியில் என் தொட்டிக்குத்தான் வரும்.

சிங்களவர்களின் கல்யாணத்தில் பெண்ணும் மாப்பிள்ளையும் போருவ என்கிற மணமேடையிலிருந்து இறங்கி, ஆற்றைப் பார்த்து நிற்பார்கள். ருவன்வெல்லைப் பக்கமிருந்து மோட்டார் சைக்கிளில் வந்த ஓர் ஆள் பிரம்புக் கூடையைக் கொண்டுவந்து அவர்கள் கையில் கொடுப்பார். மூடியைத் திறந்ததும் இரண்டு வெள்ளைப் புறாக்கள் படபடவென்று கிளம்பி, ஆற்றுக்கு மேலே ஒரு சுற்றுச் சுற்றி, அக்கரைக் காட்டைத் தாண்டி மறைந்துவிடும். எல்லோரும் கை தட்டுவார்கள். பெண்ணின் தாய் கண்ணைத் துடைத்துக்கொள்வார். நானும் கை வேலையைப் போட்டுவிட்டு, துணிக்கொடிக்குப் பின்னால் நின்று வாயைப் பிளந்து பார்ப்பேன்.

அந்தப் புறாக்கள் எங்கே போகும் என்று ஒருநாள், மேசைக்குச் சாப்பாடு பரிமாறும் ஒருவரிடம் கேட்டேன். வேறெங்கே, வீட்டுக்குத்தான் என்றார். அந்த ஆள் மோட்டார் சைக்கிளைக் கிளப்பி வீடு போய்ச் சேருவதற்குள் புறாக்கள் போய்த் தண்ணீரும் குடித்துவிட்டுக் கூட்டில் உட்கார்ந்திருக்குமாம். எல்லாக் கல்யாணத்துக்கும் வருவது அதே ஜோடிதானாம். கொழும்பில் பாதிப் பேருக்குக் குடும்ப வாழ்க்கையைத் தொடக்கி வைத்தது இந்த இரண்டும்தான் என்று அவர் சொன்னபோது நான் சிரித்துவிட்டேன். அந்தச் சிரிப்பில்தான் தன் மனது போய்விட்டது என்று அவர் இன்றைக்கும் சொல்கிறார். எனக்கு நம்பிக்கையில்லை. கல்யாணமான ஆண்கள் இப்படி எதையாவது சொல்லித்தானே ஆக வேண்டும்.

அவர் அரநாயக்கவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. நான் கித்துல்கலைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்துப் பெண். தேயிலைக்காரர்களுக்கு எங்களைக் கண்டால் கொஞ்சம் இளக்காரம். எங்கள் மேலே எந்நேரமும் ரப்பர் பால் வாடை அடிக்குமாம். அவர்கள் அட்டைக்கு இரத்தம் கொடுக்கவே பிறந்தவர்கள் என்று நாங்கள் சொல்வோம். பெண் கேட்டு வந்த அன்றைக்கே இரண்டு பக்கமும் இதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டார்கள். மாப்பிள்ளை வீட்டுத் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் தாலி கட்டுவதுதான் தங்கள் வழக்கம் என்றார்கள், சரி என்றோம். எல்லாம் நன்றாகத்தான் போனது. மறியல் செய்தது என் அம்மா ஒருத்திதான்.

அம்மா ரப்பர் பால் வெட்டுகிறவள். நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோது அப்பா காய்ச்சலில் இறந்துபோனார். நான் ஒரே பிள்ளை. விடியுமுன் எழுந்து, எனக்கு ரொட்டி சுட்டு வைத்துவிட்டு மலைக்குப் போவாள். மத்தியானம் வாளியோடு இறங்கி வரும்போது அவள் சேலையில் பால் சொட்டிக் காய்ந்து, கறுப்புக் கறுப்பாக ஒட்டியிருக்கும். யாரிடமும் கையேந்தாமல் என்னை வளர்த்தாள். கல்யாணத்துக்குப் புடவை எடுத்தது, பாத்திரம் வாங்கியது, பலகாரம் சுட்டது எல்லாம் அவள்தான். அப்படிப்பட்டவள், கல்யாணத்துக்கு மட்டும் வர மாட்டேன் என்றாள். சித்தப்பாவும் சித்தியும் அப்பா அம்மா இடத்தில் நிற்கட்டும், தாலியறுத்தவள் மணவறைப் பக்கம் தலைகாட்டக் கூடாது என்பது அவள் கட்சி.

எனக்குக் கோபம் வந்தால் வீட்டில் ஏனங்கள் உருளும். அந்த வாரம் நிறைய உருண்டன.

"நான் வந்து நின்னா, நாளைக்கு ஒனக்கு ஒரு தலைவலி வந்தாக்கூட என் மேலதான் சொல்லுவாங்க," என்றாள் அம்மா. "தாலி கட்டுற எடத்துல எனக்கு என்னா வேல?"

"என்னையப் பெத்தியே, அது வேல இல்லியா?" என்றேன்.

அவள் வெளியே போய்ப் புறாக்களுக்குக் குறுணை போட்டாள். பேச்சு எங்கே முற்றினாலும் அவள் போய்ச் சேருகிற இடம் அதுதான்.

அந்தப் புறாக்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பா போன அடுத்த வருஷமோ என்னவோ, எங்கிருந்தோ ஒரு வெள்ளை ஜோடி வந்து, தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்துத் தகரக் கூரையில் உட்கார்ந்தது. தானாக வந்த புறாவைத் துரத்தக் கூடாது என்று லயத்தில் எல்லோரும் சொன்னார்கள். அம்மா துரத்தவில்லை. பழைய பிஸ்கட் டின் ஒன்றைச் சுவரில் அடித்துக் கூடாக்கிக் கொடுத்தாள். குஞ்சு பொரித்துப் பெருகி, பாதி பருந்துக்கும் மீதி அடுத்த லயத்துக்கும் போனாலும், அந்த முதல் ஜோடி மட்டும் எங்கள் கூரையை விட்டு அசையவில்லை. சேவல் தூய வெள்ளை. பெட்டைக்குக் கழுத்தில் மட்டும் சாம்பல் பூசினாற்போல ஒரு வளையம். அம்மா என்னிடம் பேசியதைவிட அவற்றிடம் பேசியதுதான் அதிகம் என்று எனக்கு ஒரு பொறாமைகூட இருந்தது.

ஹோட்டலில் பார்த்ததிலிருந்து அந்தப் புறா ஆசை எனக்கு உள்ளுக்குள் இருந்துகொண்டே இருந்தது. அவரிடம் சொன்னபோது அவருக்கும் பிடித்துப்போனது. தோட்டத்துக் கல்யாணத்தில் யாரும் செய்யாதது, நாம் செய்வோம் என்றார். அதையே அம்மாவுக்கு எதிராகத் திருப்பினேன். கோபத்தில் சொன்னதுதான், ஆனால் சொல்லும்போதே எனக்கு அது பிடித்துவிட்டது.

"சரி, நீ வராட்டிப் போ. ஒம் புறா ரெண்டையும் நான் கொண்டு போறேன். தாலி ஏறுனதும் தொறந்து விடுவேன். ரெண்டும் ஜோடியா வந்து நம்ம கூரையில ஒக்காந்திச்சின்னா, ஒம் மகளுக்கு நல்லபடியா முடிஞ்சிச்சின்னு தெரிஞ்சிக்க."

அம்மா கூரையை அண்ணாந்து பார்த்தாள். "ஒண்ணு மட்டும் வந்தா?" என்று கேட்டாள்.

"ஒண்ணு மட்டும் எப்புடி வரும்? அதுக ரெண்டும் என்னைக்குப் பிரிஞ்சி இருந்திச்சு?" என்றேன்.

அவள் அதற்கு மேல் தடை சொல்லவில்லை. அட்டைப் பெட்டி ஒன்றை எடுத்து, பால் வெட்டும் கத்தியின் முனையால் சுற்றிலும் காற்றுத் துளை போட்டுக் கொடுத்தாள். நாங்கள் புறப்பட்ட அன்று வேன் வரைக்கும் வந்து, பெட்டியை என் மடியில் வைத்தாள். என்னை ஒரு தரம் தடவினாள், பெட்டியை இரண்டு தரம் தடவினாள். நான் அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு மறுபக்கம் பார்த்தேன்.

எங்கள் இடத்துக்கும் அவர் தோட்டத்துக்கும் நடுவில் மலைதான். பறவைக்கு அது பெரிய தூரமில்லை. ரோட்டு வழி என்றால் யட்டியாந்தோட்டை, ருவன்வெல்லை, கேகாலை, மாவனெல்லை என்று ஊரையெல்லாம் சுற்றிக்கொண்டு போக வேண்டும். கேகாலையில் ஆமிக்காரர்கள் வேனை நிறுத்தி எல்லோரையும் இறக்கினார்கள். என் மடியில் இருந்த பெட்டிக்குள் ஏதோ அசைவதைப் பார்த்து ஒரு பையன் துவக்கைச் சரிசெய்துகொண்டான். புறா, கல்யாண வீட்டுக்கு என்று சித்தப்பா சிங்களத்தில் பணிவாகச் சொன்னார். அவன் துளையில் காதை வைத்துக் கேட்டான். உள்ளேயிருந்து குனுகல் கேட்டதும் அவன் முகமே மாறிப்போய், தன் ஊரில் தானும் புறா வளர்த்ததாகச் சொல்லி, எங்களை முதல் ஆளாக அனுப்பிவிட்டான். அதை நல்ல சகுனம் என்று சித்தி சொன்னாள்.

மாப்பிள்ளை வீட்டில் எங்களை ஆலாத்தி எடுத்து, பக்கத்து லயத்தில் தங்க வைத்தார்கள். புறாப் பெட்டியை மாமியார் வாங்கி வைத்துக்கொண்டார். மாமியார் நெடிய உருவம், பேச்சு குறைவு, சொன்னது சொன்னதுதான். பெட்டையின் கழுத்து வளையத்தைப் பார்த்து, நல்ல லட்சணம் என்றார். கொழுந்து எடுத்துப் பழகிய விரலால் அதை எவ்வளவு மெதுவாகத் தூக்கினார் என்று பார்த்து, இவரோடு எனக்கு ஒத்துப்போகும் என்று நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்பு மறுநாள் காலை வரைக்கும்தான் இருந்தது.

தாலி நல்லபடியாக ஏறியது. தப்பு அடிக்கிறவர்கள் வெளுத்து வாங்கினார்கள். மணவறையில் என் பக்கத்தில் சித்தி உட்கார்ந்திருந்தாள். நல்ல மனுஷிதான், ஆனால் அன்று அவள் என் சேலையைச் சரிசெய்த ஒவ்வொரு தடவையும் எனக்கு எரிச்சலாக வந்தது. பிறகு எல்லோரும் கோயில் முற்றத்துக்கு வந்தோம். தோட்டத்துப் பிள்ளைகளெல்லாம் முண்டியடித்துக்கொண்டு முன்னால் நின்றார்கள். அவர் பெட்டியைப் பிடித்துக்கொள்ள, நான் மூடியைத் திறந்தேன்.

சேவல் அம்பாகக் கிளம்பிப் போனது. பெட்டை எழுந்த வேகத்திலேயே ஒரு பக்கமாகச் சாய்ந்து, பிள்ளைகளின் தலைக்கு மேலே தட்டுத் தடுமாறி, தப்பு அடிப்பவரின் மடியில் போய் விழுந்தது. அவர் அடியை நிறுத்தவில்லை, புறாவையும் விடவில்லை. கூட்டம் கொல்லென்று சிரித்தது. சேவல் கோயிலை ஒரு சுற்றுச் சுற்றியது, இன்னொரு சுற்றும் சுற்றியது. கீழே பார்த்துப் பார்த்துச் சுற்றிவிட்டு, கடைசியில் மலைப்பக்கம் திரும்பியது. அது எங்கள் ஊர்ப் பக்கம்.

மாலையும் கழுத்துமாக ஓடிப்போய் பெட்டையைத் தூக்கினேன். அடிபட்டிருக்கும் என்று நினைத்துச் சிறகை விரித்துப் பார்த்தால், ஒரு பக்கத்து இறகுகளைச் சேர்த்து நூலால் கட்டியிருந்தது. மஞ்சள் நூல். தாலிக்கு மஞ்சள் பூசிய நூலில் மிச்சம்.

"இது யாரு வேல?" என்று கேட்டேன். புதுப்பெண் அப்படிக் கேட்கக் கூடாதுதான். தப்புச் சத்தம்கூட நின்றுபோனது.

மாமியார் முன்னால் வந்தார். "நாந்தான்," என்றார்.

தோட்டத்தில் புறா வளர்க்கிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த காரியம்தான் அது. வேறு வீட்டுப் புறாவைக் கொண்டுவந்தால், புதுக் கூரை பழகும்வரைக்கும் சிறகைக் கட்டி வைப்பார்கள். பிறகு அவிழ்த்துவிட்டாலும் அது போகாது. புறா நிற்கிற வீடு நிறைந்த வீடு என்பார்கள். மருமகளோடு வந்த ஜோடி, தாலி கட்டிய கையோடு பறந்துபோனால் அந்த வீட்டுக்கு என்ன பெயர் வரும் என்று மாமியார் பயந்திருக்கிறார். மகனும் நானும் வைத்த ஆசையைக் கெடுக்கவும் மனமில்லை. சேவல் போகட்டும், பெட்டையாவது நிற்கட்டும் என்று தனக்குள் ஒரு கணக்கைப் போட்டு, முதல்நாளே நூலைச் சுற்றிவிட்டார். தூரம் பறக்காமல் பக்கத்துக் கூரையில் போய் உட்காரும் என்று நினைத்தாராம். மடியில் போய் விழும் என்று நினைக்கவில்லையாம்.

அவர்மேல் எனக்கு வந்த கோபத்தை எப்படிச் சொல்வது. ஆனால் கோபத்தைவிடப் பயம் பெரிதாக இருந்தது. எங்கள் கூரையில் சேவல் மட்டும் போய் உட்காரும். அம்மா வாசலில் பார்த்துக்கொண்டிருப்பாள். ஜோடியில் ஒன்று போய் மற்றொன்று நிற்பது என்றால் என்னவென்று அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. எனக்கோ மாப்பிள்ளைக்கோ என்னவோ ஆகிவிட்டது என்றுதான் நினைப்பாள். அப்பா போனபோதே ஒரு தரம் விழுந்தவள், அந்த நினைப்பிலேயே விழுந்துவிடுவாள். அம்மாவோடு செய்துகொண்ட ஏற்பாட்டை அங்கேயே எல்லோர் முன்னாலும் சொன்னேன். சொல்லி முடிக்கும்போது மாமியாரின் முகம் கறுத்துப்போயிருந்தது.

எங்கள் லயத்தில் ஃபோன் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை, தோட்டத்து ஆபீசும் பூட்டியிருக்கும். எங்கள் சந்தியில் கடை வைத்திருந்த முஸ்லிம் முதலாளியிடம் ஒரு ஃபோன் இருந்தது. அவரை நாங்கள் நானா என்றுதான் கூப்பிடுவோம். பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, யாருடையதோ மோட்டார் சைக்கிளை வாங்கிக்கொண்டு, என் புது மாப்பிள்ளை கழுத்து மாலையோடு கீழே கடைவீதியில் காசுக்கு ஃபோன் பேசும் கொமியூனிகேஷன் கடைக்குப் பறந்தார். திரும்பி வந்தபோது மாலையில் பாதிப் பூ இல்லை.

நானா சொன்ன செய்தி இதுதான். என் அம்மா கையில் ஒரு பையோடு ஓட்டமும் நடையுமாகச் சந்திக்கு வந்தாளாம். என்ன என்று கேட்டால் பேச்சு வரவில்லையாம். அரநாயக்கவுக்கு எந்த பஸ் என்று மட்டும் கேட்டாளாம். கடையில் நின்றவர்களை நிற்கவிட்டுவிட்டு நானாவே ரோட்டுக்கு இறங்கி பஸ்ஸை மறித்து, கண்டக்டரிடம் பொறுப்புச் சொல்லி ஏற்றிவிட்டிருக்கிறார். நாங்கள் எடுத்த ஃபோன் பஸ் போன பிறகுதான் அங்கே அடித்திருக்கிறது. அம்மா தனியாகக் கேகாலைக்குக்கூடப் போனதில்லை. இனி ஒன்றும் செய்ய முடியாது, வரும்வரைக்கும் காத்திருக்க வேண்டியதுதான் என்றார் என் மாப்பிள்ளை.

அப்படியானால் நானும் காத்திருக்கிறேன் என்று முடிவு செய்தேன். மாப்பிள்ளை வீட்டு வாசலுக்கு ஊர்வலமாகக் கூட்டிப் போனார்கள். வலது காலை எடுத்து வைத்து உள்ளே வா என்றார்கள். நான் வலது காலையும் வைக்கவில்லை, இடது காலையும் வைக்கவில்லை. பெட்டைப் புறாவை மடியில் வைத்துக்கொண்டு வாசல்படியில் உட்கார்ந்தேன். அம்மா என் கழுத்தையும் இவரையும் கண்ணால் பார்த்த பிறகுதான் உள்ளே வருவேன், பாலும் பழமும் அதற்குப் பிறகுதான் என்று சொல்லிவிட்டேன். சித்தி கெஞ்சினாள். மாப்பிள்ளைப் பக்கத்து ஒரு பெரியம்மா, இந்த வீட்டுக்கு நல்ல மருமகள்தான் வாய்த்தாள் என்று காதில் விழும்படி சொன்னார். ஆமாம் என்று அவருக்குப் பதில் சொன்னேன். நல்லவேளை, சாப்பாடு தயாராக இருந்தது. பருப்பும் பாயாசமும் கூட்டத்தை அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டன.

மாமியார் சாப்பிடப் போகவில்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். பிறகு என் பக்கத்தில் படியில் வந்து உட்கார்ந்தார். சிறகு நூலை அவிழ்க்கட்டுமா என்று கேட்டார். அவிழ்த்தால் இதுவும் பறந்து போய்விடும், அம்மா அங்கே இல்லை, வேண்டாம் என்றேன். அதற்குப் பிறகு, மூத்த மகன் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போனதையும், மகள் கட்டிக்கொண்டு கண்டிப் பக்கம் போனதையும், கடைசி மகனும் ஹோட்டல் வேலை என்று மாதத்துக்கு ஒரு தரம்தான் வருவதையும் சொன்னார். நானும் கித்துல்கலைக்கே திரும்பிப் போவேன் என்று அவருக்குத் தெரியும்.

"எல்லாமே பறக்குறதுதான் இந்த வீட்டுல," என்றார். "நூலக் கட்டுனா நிக்கும்னு நெனச்சது என் புத்தி கெட்டதனம்."

அதைக் கேட்டதும் என் கோபம் பாதிக்கு மேல் இறங்கிவிட்டது. மீதிக் கோபத்தை மரியாதைக்காக வைத்துக்கொண்டேன். இரண்டு பேரும் ஒரே பக்கம், லயத்துக்கு வரும் ரோட்டு முடக்கைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். காய்ச்சிய பால் இரண்டு தடவை ஆறிப்போய் இரண்டு தடவை சூடாக்கினார்கள்.

வெயில் தணிந்த நேரத்தில் முடக்கில் ஒரு த்ரீவீல் வந்து நின்றது. அம்மா இறங்கினாள். வீட்டில் கட்டியிருந்த பழைய சேலை, ஓரமெல்லாம் ரப்பர் பால் காய்ந்த கறை. தலை கலைந்து கிடந்தது. கையில் உரப்பை ஒன்றைத் தூக்கிப் பிடித்திருந்தாள். முதலில் என் கழுத்தைப் பார்த்தாள். பிறகு என் பின்னால் வந்து நின்ற அவரைப் பார்த்தாள், உச்சியிலிருந்து கால்வரைக்கும், ஏதாவது குறைகிறதா என்று பார்க்கிற மாதிரி. பிறகு ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

நாங்கள் எல்லோரும் ஓடினோம். அவள் வழியில் பட்ட பாட்டைப் பிறகுதான் கோர்வையாகச் சொன்னாள். முதல் பஸ் கண்டக்டர், மொகத அம்மே வுணே, என்னம்மா ஆச்சு என்று கேட்டிருக்கிறான். மகளுடைய கல்யாணம் என்று மட்டும் சிங்களத்தில் சொல்லிவிட்டு அழுதிருக்கிறாள். தாய் கல்யாணத்துக்குப் பிந்திவிட்டாள் என்று அவன் அர்த்தம் பண்ணிக்கொண்டான். கேகாலையில் அவனே இறங்கி அடுத்த பஸ்ஸில் ஏற்றி, அந்தக் கண்டக்டரிடம் சொல்லி, அவன் மாவனெல்லையில் இன்னொருவனிடம் சொல்லி, இப்படிக் கைமாற்றிக் கைமாற்றி, கடைசியாக ஒரு த்ரீவீல்காரன் கோயில் கொடியைப் பார்த்து லயத்து முடக்கில் கொண்டுவந்து விட்டிருக்கிறான். அவர்கள் யாரையும் எனக்குத் தெரியாது. எங்கே இருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும்.

அம்மா வாயைத் திறந்ததும் முதலில் என்னைத்தான் திட்டினாள். "ஒண்ணுதான்டி வந்திச்சு. ஒண்ணுதான் வந்திச்சு."

நான் கையிலிருந்த பெட்டையைக் காட்டினேன். சிறகையும் நூலையும் பார்த்ததும் புறா வளர்க்கிற அவளுக்கு விளங்கிவிட்டது. உடனே உரப்பையின் வாயைத் திறந்தாள். உள்ளேயிருந்து சேவல் தலையை நீட்டியது.

"இத ஏம்மா தூக்கிக்கிட்டு வந்த?"

"கூரையில ஒக்காந்து கத்திக்கிட்டே இருந்திச்சு. ஒத்தையா விட்டுட்டு எப்புடி வர்றது?"

"என்னைய மட்டும் மணவறையில ஒத்தையா விட்டியே," என்றேன். அம்மா தன் கறைச் சேலைத் தலைப்பால் என் முகத்தைத் துடைத்தாள். கூறைப் புடவையில் ரப்பர் பால் வாடை ஒட்டிக்கொண்டது. எனக்கு அது வேண்டியிருந்தது.

வாசலுக்கு வந்ததும் நூலை அம்மாவே அவிழ்த்தாள். பெட்டை சிறகை இரண்டு தரம் உதறியது. பறக்கவில்லை. சேவலை அதன் பக்கத்தில் விட்டதும் இரண்டும் வாசலில் சிந்தியிருந்த அரிசியைப் பொறுக்கத் தொடங்கின. இவ்வளவு கூத்துக்கும் தங்களுக்கும் சம்பந்தமே இல்லை என்பதுபோல இருந்தது அவற்றின் நடை.

அப்போது மாமியார் உள்ளே போனார். பால் டம்ளரும் பழத் தட்டுமாக வெளியே வந்தார். நீ உள்ளே வர மாட்டாய் என்றால் பால் வெளியே வரட்டும் என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டு, டம்ளரை அம்மாவிடம் நீட்டினார். அம்மா கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். தான் கொடுக்கக் கூடாது, சித்தி கொடுக்கட்டும் என்றாள். அதே பெரியம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"இது என் வீட்டு வாசல்," என்றார் மாமியார். "புள்ளையத் தேடி மலையச் சுத்திக்கிட்டு வந்த கை இது. இதவிட நல்ல கை எனக்குத் தெரியல. குடுங்க மதினி."

பெரியம்மா வாயை மூடிக்கொண்டார். அம்மா என் பக்கத்தில் படியில் உட்கார்ந்தாள். டம்ளரை வாங்கினாள். முதலில் மாப்பிள்ளைக்கு ஒரு மிடறு கொடுத்தாள், பிறகு எனக்கு. டம்ளரை என் வாயில் வைத்துக்கொண்டே, எனக்கு மட்டும் கேட்கும்படி காதில் சொன்னாள்.

"ரெண்டும் வந்திருந்தா நான் வந்திருக்க மாட்டேன்டி."

நான் மாமியாரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் அந்த மஞ்சள் நூலைக் கீழே இருந்து எடுத்து, என்ன செய்வதென்று தெரியாமல் விரலில் சுற்றிக்கொண்டு நின்றார். மரியாதைக்காக மிச்சம் வைத்திருந்த கோபமும் அத்தோடு போய்விட்டது. ஒரு கையில் அம்மாவையும் மறுகையில் மாமியாரையும் பிடித்துக்கொண்டு, வலது காலை எடுத்து வைத்து உள்ளே போனேன்.